தொட்டியில் ஊர்வது யார்?

நேயர்களுக்கு என் வணக்கம்.

ஆக்சலாட்டல் வளர்க்கிறேன் என்று சொன்னால், "அது என்ன ஜாதி நாய்?" என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். நாயும் இல்லை, மீனும் இல்லை. மெக்சிகோ நகரின் தெற்கே, சோச்சிமில்கோ வாய்க்கால்களைப் பூர்வீகமாகக் கொண்ட நீர்ப்பிராணி. தவளைக்குத் தூரத்து உறவு. தவளையின் தலைப்பிரட்டை வாலை இழந்து கரையேறிவிடும். இது கரையேறுவதே இல்லை. தலையின் இருபுறமும் மும்மூன்று இறகுச் செவுள்களோடு, குழந்தை முகம் மாறாமல், தண்ணீருக்குள்ளேயே வளர்ந்து, முட்டையிட்டு, ஆயுளையும் முடித்துக்கொள்ளும்.

இன்று நான் பேச வந்தது, அதன் வீட்டில் வாடகை கொடுக்காமல் குடியிருக்கும் மற்றவர்களைப் பற்றி.

எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி, இரவு பத்து மணிக்கு மேல் வருபவை. விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போகுமுன் டார்ச் அடித்துப் பார்த்திருப்பார்கள். "சார், கண்ணாடி முழுக்க வெள்ளையாக ஏதோ ஊர்கிறது. என்ன மருந்து ஊற்றட்டும்?" நான் மருந்தின் பெயரைச் சொல்வதில்லை. "அது எப்படி நகர்கிறது, சொல்லுங்கள்" என்பேன். புகைப்படம் அனுப்புவதாகச் சொல்வார்கள். வேண்டாம் என்பேன். படத்தில் எல்லாம் ஒரே வெள்ளைப் புள்ளி, ஒரே வெள்ளைக் கோடு. நடைதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். வானொலிக்கும் அது தோதாகப் போயிற்று; இங்கே படம் காட்ட வழியில்லை.

ஊசிமுனை அளவில் ஒரு புள்ளி. சட்டென்று ஒரு வெட்டு வெட்டி நகரும், நிற்கும், மறுபடி வெட்டும். அது சைக்ளாப்ஸ். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் நெற்றியில் ஒற்றைக் கண் தெரியும். பெண்ணாக இருந்தால் வாலின் இருபக்கமும் பொதிமூட்டை போல இரண்டு முட்டைப் பைகள். நம் பெரியவர்களுக்கு இது பழைய பகையாளி. நரம்புச் சிலந்தி நோய் இதன் வயிற்றில் ஏறித்தான் மனிதனுக்கு வந்தது. படிக்கிணற்றுத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கச் சொன்னதும் இதனால்தான். இந்தியாவில் அந்த நோய் கடைசியாகக் காணப்பட்டது 1996இல். 2000இல் நாடு அதிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்துவிட்டது. உங்கள் தொட்டியில் இருப்பது நோய் சுமக்காத சைக்ளாப்ஸ். விட்டுவிடுங்கள்.

அடித்தரையில் கொட்டிய எள்ளுக்குக் கால் முளைத்தது போல் ஓடுவது ஆஸ்ட்ரகாட். இரண்டு ஓடுகளுக்குள் உடம்பை மடித்து வைத்துக்கொண்டு கழிவைத் தின்னும். நீர்ப்பரப்பின் மேல் நின்று, விரலை நீட்டினால் துள்ளுவது ஸ்பிரிங்டெயில். அதன் உடம்பு நனைவதுகூட இல்லை. இவை இரண்டையும் மறந்துவிடலாம்.

இனி நூல் புழு. மணலுக்குள்ளிருந்து தலை நீட்டும். தண்ணீரில் மிதந்தால் கொதிநீரில் போட்ட சேமியா போலத் துடிக்கும். மண்புழுவின் சிற்றப்பன் மகன் என்று வைத்துக்கொள்ளலாம். மிச்சம் மீதியைத் தின்று மணலைக் கிளறிக்கொண்டிருக்கும்வரை இதனால் தொல்லையில்லை. ஆனால் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் மேலேறி வந்தால் கவனியுங்கள். மழைக்கு முன் எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறுமே, அதுபோல. அடியில் பிராணவாயு குறைந்துவிட்டது, கழிவு அழுகிக் கிடக்கிறது என்று அர்த்தம்.

என் முதல் தொட்டியில் வந்தது இதுதான். விவரம் தெரியாத காலம். கடைக்கு ஓடினேன், கடைக்காரர் மீன் மருந்துப் புட்டி ஒன்றை நீட்டினார், நான் அளவுக்கு மேலாகவே ஊற்றினேன். பழியை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்கிறோம். ஒரு மணி நேரத்தில் ஆக்சலாட்டலின் செவுள்கள் முன்பக்கமாக மடிந்தன. வால் நுனி கொக்கி போல் சுருண்டது. குரல் இல்லாத பிராணிக்கு அதுதான் அலறல் என்பது எனக்குப் பிறகே தெரிந்தது. குளோரின் நீக்கிய குளிர்ந்த நீரை வாளியில் நிரப்பி அதில் விட்டேன். ஒரு வாரம் தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றினேன். செவுள் இழைகளில் பாதி உதிர்ந்துவிட்டன. இழந்த காலையே திரும்ப முளைக்கவைக்கும் பிராணி அல்லவா, சில வாரங்களில் அவையும் வளர்ந்துவிட்டன. புழுக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

செதில் இல்லாத, தண்ணீரில் இருப்பதையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும் தோல் அதற்கு. மீன் மருந்துகளில் சாதாரணமாகச் சேரும் செம்பு, மாலகைட் பச்சை, ஃபார்மலின் ஆகியவற்றை அதன் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது.

கவலைப்பட வேண்டியவர் நெளியவும் மாட்டார், துடிக்கவும் மாட்டார். எண்ணெய் தடவிய பலகையில் வழுக்குவது போலக் கண்ணாடியில் சீராகப் போய்க்கொண்டிருப்பார். அப்போது தலையைப் பாருங்கள். தலை மழுங்கி, உடம்பு அரிசிக் குருணை போல இருந்தால் அது சாதுவான தட்டைப்புழு. தலை அம்புமுனை போல இருந்து, அதில் மாறுகண் போல இரண்டு புள்ளிகள் தெரிந்தால் பிளனேரியா. இறைச்சி தின்னி. முட்டைகளைத் தின்னும், நோயில் கிடக்கும் ஆக்சலாட்டலைச் சும்மா விடாது. பிளேடால் சுரண்டி நறுக்கிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். தாமஸ் ஹண்ட் மார்கன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1898 வாக்கில் இதை நறுக்கி நறுக்கிப் பார்த்தார். உடம்பின் 279இல் ஒரு பங்குத் துண்டுகூட முழுப் புழுவாக வளர்ந்தது. நீங்கள் நறுக்குவது, நாற்று நடுவதற்குச் சமம்.

பொறி வையுங்கள். ஆக்சலாட்டல் விழுங்க முடியாத அளவுள்ள புட்டியின் மூடியில் சிறு துளைகள் போட்டு, உள்ளே ஒரு துண்டுக் கோழி இறைச்சியை வைத்து, இரவு அடியில் கிடத்துங்கள். விடியுமுன் எடுத்தால் உள்ளே கும்பலாக இருக்கும். சில நாட்கள் தொடர்ந்து செய்ய வேண்டும். பிளனேரியாவுக்கென்று விற்கும் பொடிகளில் ஒன்றில் இருப்பது எது தெரியுமா? நம் வெற்றிலைப் பெட்டியில் இருக்கும் பாக்கின் சாறு. பாக்கிலுள்ள அரிகோலினை ஒரு காலத்தில் நாய்களின் நாடாப்புழுவுக்குக் கால்நடை மருத்துவர்கள் கொடுத்தார்கள். அதற்காக வீட்டுப் பாக்கை இடித்துத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். பொடியைப் பயன்படுத்துவதானாலும் ஆக்சலாட்டல் வாளிக்குப் போயாக வேண்டும். தொட்டித் தண்ணீரைப் பலமுறை மாற்றிய பிறகே அது திரும்பலாம்.

நகராமல் ஒட்டிக்கொண்டிருப்பது ஹைட்ரா. சின்னத் தண்டு, நுனியில் விரித்துப் போட்ட முடி போலக் கைகள். தொட்டால் குறுகிப் பொட்டாகிவிடும். கைகளில் கொட்டும் அணுக்கள் உண்டு. வளர்ந்த ஆக்சலாட்டலுக்கு அது ஒரு பொருட்டில்லை. மீன் வளர்ப்பவர்கள் தண்ணீரைச் சூடாக்கி அதைக் கொல்லலாம் என்று சொல்வார்கள். நமக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. ஆக்சலாட்டலுக்கு உகந்தது 16 முதல் 18 டிகிரி. 24ஐத் தாண்டினாலே அதற்கு அவஸ்தை. ஆகவே கையால் வழித்து எடுப்பதும், பொருட்களை வெளியே எடுத்து வெந்நீரில் முக்குவதும்தான்.

இதுவரை சொன்னவை எல்லாம் கண்ணாடியிலும் மணலிலும் இருப்பவை. உடம்பிலேயே ஒட்டியிருந்தால் கதை வேறு. தோலிலிருந்து நூல் துருத்தி நிற்பது நங்கூரப் புழுவாக இருக்கலாம். தட்டையாக அப்பியிருப்பது மீன் பேன் அல்லது அட்டை. உயிருள்ள மீன்களை இரையாகப் போட்ட தொட்டிகளில்தான் இவற்றை அதிகம் பார்த்திருக்கிறேன். பிடுங்காதீர்கள், கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

சரி, இத்தனை பேருக்கும் சாப்பாடு போடுவது யார்? நாம்தான். மண்புழுவை நறுக்கிப் போடுகிறோம். ஆக்சலாட்டல் ஒரு துண்டை விழுங்கி மறுதுண்டைத் துப்பிவிடுகிறது. அது கல்லிடுக்கில் போய் விழுகிறது. மறுநாள் அதன்மேல் பஞ்சு போலப் பூஞ்சை. மூன்றாம் நாள் விருந்து. நான் இப்போது அரை மணி நேரம் கழித்து, ரப்பர் குமிழ் வைத்த பெரிய சொட்டுக்குழாயால் மிச்சத்தை உறிஞ்சி எடுத்துவிடுகிறேன். வாரம் ஒருமுறை அடிக்கழிவோடு கால்வாசித் தண்ணீரை வெளியேற்றுகிறேன். இரண்டு மாதத்தில் நூல் புழுக்கள் தேடினால்தான் கிடைக்கும் நிலைக்கு வந்துவிட்டன. அருவருப்பில் மொத்தத் தொட்டியையும் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுகிறவர்கள் வடிகட்டியில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கொன்றுவிடுகிறார்கள். அடுத்த வாரம் அம்மோனியா ஏறும். வடிகட்டியின் பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசினால் போதும். புழு தின்னட்டும் என்று கப்பி மீன்களை விடுவதும் வீண். அவை செவுளைக் கொறிக்கும், ஆக்சலாட்டல் அவற்றை விழுங்கும்.

சோச்சிமில்கோவில் இந்தச் சிற்றுயிர்களால் ஆக்சலாட்டல் அழியவில்லை. அங்கே அதற்கு வினையாக வந்தவை நகரத்தின் கழிவுநீரும், வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட கெண்டையும், நாம் ஜிலேபி என்று சொல்லும் திலாப்பியாவும்தான். 1998இல் சதுர கிலோமீட்டருக்கு 6,000 என்று கணக்கிட்டார்கள், 2014இல் 36.

போன மாதம் என் ஆக்சலாட்டல் முட்டையிட்டது. குஞ்சுகள் வெளிவந்து, இரண்டு மூன்று நாளில் கருவுணவு தீர்ந்ததும், அசையும் உயிருள்ள இரையை மட்டுமே கவ்வின. எதைக் கொடுப்பது? மாடியில் பாசி பிடித்த தொட்டியில் துள்ளிக்கொண்டிருந்த டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளைத்தான். யாராவது பார்த்தால் மருந்து கேட்டிருப்பார்கள். நானோ அதைச் சொட்டுச் சொட்டாக வடித்து எடுத்தேன். குஞ்சுகள் இருந்த வெள்ளை வாளியில் ஊற்றுமுன், கண்ணாடி டம்ளரில் விட்டுப் பக்கவாட்டில் டார்ச் அடித்தேன். டம்ளரின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, கைகளை விரித்துப் போட்டபடி, ஒரே ஒரு ஹைட்ரா. ஒரு சென்டிமீட்டர் குஞ்சுக்கு அது எமன். அந்த டம்ளரை அப்படியே செம்பருத்திச் செடியில் ஊற்றிவிட்டு, மறுபடி மாடிப்படி ஏறினேன்.

வணக்கம்.