குளிக்கத் துணை வேண்டுமா?

நேயர்களுக்கு வணக்கம். சி.ஓ.பி.டி. எனப்படும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவருக்கு இளைப்பு திடீரென முற்றி, அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கூட வந்தவர்களின் முதல் கேள்வி, "பிழைத்துக்கொள்வாரா, டாக்டர்?" என்பதுதான். மருத்துவர்கள் இதற்கு அனுபவத்தை வைத்தே பதில் சொல்லி வந்தோம்.

அந்த அனுபவத்தின் லட்சணத்தை 2007இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று அளந்து பார்த்தது. தீவிரச் சிகிச்சைக்கு வந்த இளைப்பு நோயாளிகளில் எத்தனை பேர் ஆறு மாதம் கழித்து உயிரோடு இருப்பார்கள் என்று மருத்துவர்களையே கணிக்கச் சொன்னார்கள். 49 சதவீதம் என்றது கணிப்பு. இருந்தவர்கள் 62 சதவீதம். நிலைமை மிக மோசம் என்று கருதப்பட்ட ஐந்தில் ஒரு பங்கினரில் நூற்றுக்குப் பத்துப் பேர்தான் மிஞ்சுவார்கள் என்றார்கள். நாற்பது பேர் மிஞ்சினார்கள். கைவிரிப்பதில் எங்களுக்கு அவ்வளவு அவசரம்!

ஆகவேதான் ஆபத்தை எண்ணால் அளக்கும் மதிப்பெண் முறைகள் தேவைப்படுகின்றன; மதிப்பெண் கூடினால் ஆபத்தும் கூடும். அவற்றில் எனக்குப் பிடித்தது 'டீகாஃப்'. வடகிழக்கு இங்கிலாந்தில் இந்நோய் முற்றி மருத்துவமனையில் சேர்ந்த 920 பேரைக் கவனித்து, 2012இல் இதை வெளியிட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் மருத்துவமனையிலேயே இறந்திருந்தார்.

பார்ப்பது ஐந்தே விஷயங்கள். எக்ஸ்ரேயில் நிமோனியா போன்ற வெண்திட்டு இருந்தால் ஒன்று. இதயத்தின் மேலறை தாறுமாறாகத் துடித்தால் ஒன்று. கரியமில வாயு தேங்கி ரத்தத்தில் அமிலத்தன்மை கூடி, அதைக் காட்டும் பி.எச். அளவு 7.30க்குக் கீழே இறங்கினால் ஒன்று. ரத்த வெள்ளையணுக்களில் ஒரு வகையான ஈசினோபில் அணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 50க்கும் குறைந்தால் ஒன்று. இந்தக் கடைசி எண் சாதாரண ரத்தப் பரிசோதனைச் சீட்டிலேயே இருக்கும். கூடினால்தான் அதைக் கவனிப்போம். குறைந்தால் கண் அதைத் தாண்டிப் போய்விடும்.

ஐந்தாவதற்கு மட்டும் இரண்டு மதிப்பெண் வரை உண்டு. அதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். நோய் முற்றுவதற்கு முந்தைய மூன்று மாதங்களில், உடம்பு நன்றாக இருந்த நாட்களில் அவர் எப்படி இருந்தார் என்று கேட்க வேண்டும். மூச்சிரைப்பால் துணையின்றி வீட்டை விட்டு வெளியே போக முடியாது, ஆனால் குளிப்பது, உடுத்துவது தாமாகவே என்றால் ஒன்று. அவற்றுக்கும் ஆள் வேண்டுமென்றால் இரண்டு. இதை நோயாளியிடம் மட்டும் கேட்டால் போதாது. "எல்லாம் நானேதான்" என்பார் பெரியவர்; கட்டிலுக்குப் பின்னால் நிற்கும் மனைவி உதட்டைப் பிதுக்குவார். அந்த அம்மாள்தான் தினமும் முதுகுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்.

மொத்தம் ஆறு. அந்த 920 பேரில், சுழியம் பெற்றவர்களில் இறந்தோர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மூன்று பெற்றவர்களில் ஏறக்குறைய கால் பங்கினர், நான்கு பெற்றவர்களில் பாதியை நெருங்கும் அளவினர் இறந்தார்கள். மூன்று என்றதும் நம்பிக்கை இழக்கிறவர்கள், மீதி முக்கால் பங்கினர் வீடு திரும்பியதையும் எண்ண வேண்டும். பி.எச். இறங்கியவரை உடனே முகமூடி வழி சுவாசக் கருவியில் சேர்த்தால் காப்பாற்ற வழி இருக்கிறது. யாரிடம் முதலில் ஓட வேண்டும் என்று காட்டத்தான் இந்த எண்; யாரைக் கைவிடலாம் என்று சொல்ல அல்ல.

என் பார்வையில் இதன் பெரும்பயன் குறைந்த மதிப்பெண்காரர்களுக்குத்தான். சுழியமோ ஒன்றோ பெற்ற 118 பேரைக் கொண்டு இங்கிலாந்தில் ஒரு சோதனை நடத்தி, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு சாராருக்கு வழக்கம்போல் மருத்துவமனையில் சிகிச்சை. மறுசாராருக்கு, செவிலியர் வீடு தேடிப் போய்ச் சிகிச்சை. வீட்டுச் சிகிச்சை பாதுகாப்பாகவே இருந்தது. அடுத்த முறை நோய் முற்றினாலும் வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள் பெரும்பாலோர். வீடு தேடி வரும் செவிலியர் இல்லாத ஊரில் இந்த எண்ணை மட்டும் நம்பி ஒருவரைத் திருப்பி அனுப்புவது சரியல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உங்கள் வீட்டில் இந்நோயாளி இருந்தால், மருத்துவமனைக்குக் கிளம்பும்போது இன்ஹேலரையும் பழைய சீட்டுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவரைக் குளிப்பாட்டி உடுத்திவிடுகிறவர் யாரோ, அவரும் உடன் வரட்டும். நன்றி, வணக்கம்.