ஐக்கிய முன்னணி கவிழ்ந்தது ஜெயின் கமிஷனாலயா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் நிறைய கேள்வி வந்திருக்கு. ஆனா ஒண்ணை மட்டும்தான் எடுத்துக்கப் போறேன். பாலக்கோட்டுலேருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அய்யா, 1996-ல டெல்லியில வந்த ஐக்கிய முன்னணி ஆட்சி ஜெயின் கமிஷன் அறிக்கையாலதான் கவிழ்ந்துச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. அந்த அறிக்கை மட்டும் வெளிய வராம இருந்திருந்தா, அஞ்சு வருஷம் ஓடியிருக்குமா?"

நல்ல கேள்விதான் தம்பி. ஜெயின் கமிஷன்னா, ராஜீவ் காந்தி கொலைச் சதியை விசாரிக்கப் போட்டது. ஆனா அந்த "எல்லாரும் சொல்றாங்க" இருக்கு பாருங்க, அதுதான் என்னை உறுத்துது. அறிக்கை விவகாரம் வெடிச்சது 1997 நவம்பர்ல. அதுக்கு ஏழு மாசம் முன்னாடி, ஏப்ரல்லயே, இந்த ஆட்சிக்கு வெளிய இருந்து ஆதரவு கொடுத்த காங்கிரஸ், இதே ஆட்சியோட பிரதமரை ஒரு தடவை இறக்கியாச்சு. அப்போ எந்த அறிக்கை இருந்துச்சு? ஒண்ணும் கிடையாது. அதனால அறிக்கையை வெச்சு ஆரம்பிச்சா கணக்கு தப்பாத்தான் வரும்.

நம்ம பழைய ஆளுங்களுக்கு நான் என்ன சொல்லப் போறேன்னு இப்பவே தெரிஞ்சிருக்கும். சரண் சிங் வீடியோவுலயும் சொன்னேன், வி.பி. சிங் வீடியோவுலயும் சொன்னேன். ஒரு கூட்டணி ஆட்சியைப் பார்த்தா முதல்ல கேக்க வேண்டியது, மந்திரிசபைக்கு உள்ள எத்தனை பேர், வெளிய எத்தனை பேர். கொள்கை, தலைவர், ஊழல் எல்லாம் அதுக்கப்புறம். உள்ள எத்தனை, வெளிய எத்தனை. இதை எழுதி வெச்சுக்குங்க.

இப்போ 1996 கணக்கைப் போடுவோம். மக்களவை மொத்தம் 543, பாதிக்கு மேலன்னா 272. பாஜக 161, காங்கிரஸ் 140. வாஜ்பாய் மே 16 பதவி ஏத்துக்கிட்டு 13 நாள்ல ராஜினாமா பண்ணிட்டாரு, அது எல்லாருக்கும் தெரியும். அதுக்கப்புறம் சேந்தவங்கதான் இந்த முன்னணி. ஜனதா தளம் 46, சிபிஎம் 32, தமாகா, அதாவது தமிழ் மாநில காங்கிரஸ் 20, திமுக 17, சமாஜ்வாதி 17, தெலுங்கு தேசம் 16, சிபிஐ 12. கூட்டுங்க, 160. அசாம் கண பரிஷத் மாதிரி மீதி சின்னக் கட்சிங்க எல்லாத்தையும் சேத்தாலும் 200 வராது. ஆக, 272-க்குப் போக காங்கிரஸோட 140 இல்லாம வழியே கிடையாது.

இன்னும் ஒரு படி உள்ள போங்க. அந்த 160-ல சிபிஎம் 32 பேரும் மந்திரிசபைக்குள்ள வரல, அவங்களும் வெளியதான். அதைக் கழிச்சா 128. அதாவது உள்ள உக்காந்த ஆறு பெரிய கட்சிங்க சேந்து 128; வெளிய நின்னு "நாங்க ஆதரவு தர்றோம்"னு சொன்ன ஒரே ஒரு கட்சி 140. ஆதரவு தர்றவன் ஆட்சி பண்றவனை விடப் பெரியவனா இருக்கான். குத்தகை நிலத்துல மாஞ்செடி வெக்கிற மாதிரி இது. செடி நல்ல ஜாதியா, குழி எத்தனை அடி, எரு எவ்வளவுங்கறதெல்லாம் அப்புறம். காய்க்கிற வரைக்கும் நிலம் உங்ககிட்ட இருக்குமாங்கறதுதான் கேள்வி.

சரி, உள்ள இருந்தவங்களாவது ஒட்டா இருந்தாங்களான்னா, இது தேர்தலுக்கு முன்னாடி கட்டின கூட்டணியே இல்ல. ரிசல்ட் வந்தப்புறம் சேந்தது. நம்ம ஊரையே எடுத்துக்குங்க. அப்போ கிருஷ்ணகிரி தனி மாவட்டம் கிடையாது, தருமபுரி மாவட்டத்துக்குள்ளதான், 2004-லதான் பிரிச்சாங்க. தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு எம்.பி. தொகுதியையும் தமாகா ஜெயிச்சுது. தமிழ்நாட்டுல 39-க்கு 39, திமுக, தமாகா, சிபிஐ அணிதான். ஆனா சட்டசபைக்கு ஓசூர்ல ஜெயிச்சது யாரு? ஜனதா தளம். அந்த ஜனதா தளமும் சிபிஎம்மும் மதிமுகவோட சேந்து இதே திமுக–தமாகா அணியை எதிர்த்து நின்னவங்க. ஏப்ரல், மே மாசம் ஓசூர்ல எதிரெதிரா ஓட்டு கேட்டவங்க, ஜூன் மாசம் டெல்லியில ஒரே முன்னணி. தப்புன்னு சொல்லல. ஆனா தொண்டனுக்கு இது என்ன கூட்டணின்னு விளங்கவே விளங்காது.

பிரதமரைத் தேடின கதை பெரிய கதை. வி.பி. சிங் வேண்டாம்னுட்டாரு. ஜோதி பாசுவைக் கேட்டாங்க, அவர் கட்சியோட மத்தியக் குழு கூடாதுன்னு முடிவு பண்ணிடுச்சு. அதை "வரலாற்றுப் பிழை"ன்னு அவரே பின்னாடி சொன்னாரு. தமாகா தலைவர் மூப்பனார் பேரும் அடிபட்டுச்சு. கடைசியில கர்நாடக முதலமைச்சரா இருந்த தேவ கவுடா. கர்நாடகாவுல ஜனதா தளத்துக்கு 16 எம்.பி. இருந்தாங்க, பீகாருக்கு அடுத்து அந்தக் கட்சி கையில இருந்த பெரிய மூட்டை அதுதான். ஜூன் 1 பதவியேற்பு. அந்த வருஷம் ஆகஸ்ட் 15 செங்கோட்டையில இந்தியில பேசினாரே, அந்தப் பேச்சைக் கன்னட எழுத்துல எழுதி வெச்சுக்கிட்டுத்தான் படிச்சாரு. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருக்கறவங்களுக்கு இதைச் சொன்னா ஒரு சந்தோஷம், அதான் சொன்னேன்.

காவிரி என்ன ஆச்சுன்னு ஒகேனக்கல் பக்கத்துலேருந்து உடனே கமெண்ட் வரும். கருணாநிதியும் கர்நாடக முதலமைச்சர் ஜே.ஹெச். பட்டேலும் பேச்சுவார்த்தை நடத்துனாங்க, முடிவு வரல. அது தனி வீடியோவுக்கான விஷயம், இங்க வேண்டாம்.

ஆட்சி நடத்தறதுக்கு ஒரு குறைந்தபட்ச பொதுத் திட்டம் எழுதினாங்க, ஜூன் 5-ல வெளியிட்டாங்க. அதைக் கவனிக்க ஒரு வழிகாட்டுக் குழு, அமைப்பாளர் சந்திரபாபு நாயுடு. சிபிஐ முதல் தடவையா மத்திய மந்திரிசபைக்குள்ள வந்துச்சு, இந்திரஜித் குப்தா உள்துறை. காகிதத்துல பாத்தா நல்ல ஏற்பாடு. எங்க ஓட்டைன்னா, அந்தக் குழுவுல காங்கிரஸ் கிடையாது. யார் கையை எடுத்தா ஆட்சி விழுமோ, அவங்களுக்கு அந்த மேசையில நாற்காலி இல்ல. "எங்களை யாரும் கலந்துக்கறதில்ல"ன்னு அவங்க சொல்றதுக்கு வாய்ப்பை நாமளே எழுதிக் கொடுத்த மாதிரி ஆச்சு.

ஆதரவு கொடுக்கும்போது காங்கிரஸ் தலைவர் நரசிம்ம ராவ். செப்டம்பர்ல அந்த இடத்துக்கு சீதாராம் கேசரி வந்துட்டாரு. 1997 மார்ச் 30, குடியரசுத் தலைவர்கிட்ட கடிதம் கொடுத்துட்டாரு, ஆதரவு வாபஸ்.

இங்க நடைமுறையைக் கொஞ்சம் நிதானமா சொல்றேன், பல பேருக்குக் குழப்பம் இருக்கு. வாபஸ் கடிதம் கொடுத்த உடனே ஆட்சி போயிடாது. கடிதம் குடியரசுத் தலைவர்கிட்ட போகும். அவர் பிரதமரைக் கூப்பிட்டு, இந்தத் தேதிக்குள்ள மக்களவையில பெரும்பான்மையைக் காட்டுங்கன்னு சொல்வாரு. பிரதமர் ஒத்தை வரியில நம்பிக்கைத் தீர்மானம் கொண்டு வருவாரு. விவாதம், அப்புறம் குரல் வாக்கெடுப்பு, யாராவது கேட்டா எண்ணி எடுக்கற வாக்கெடுப்பு. ஜெயிக்க 272 வேணும்னு கட்டாயம் இல்ல. அன்னைக்கு வந்து ஓட்டுப் போட்டவங்கள்ல பாதிக்கு மேல இருந்தா போதும். வராதவன், ஓட்டுப் போடாதவன் எல்லாம் கணக்குலயே இல்ல. இது பின்னாடி வேணும், ஞாபகம் வெச்சுக்குங்க.

1997 ஏப்ரல் 11 ஓட்டெடுப்பு. ஆதரவு 158, எதிர்ப்பு 292. காங்கிரஸும் பாஜகவும் ஒரே பக்கம் ஓட்டுப் போட்டாங்க. கேசரிக்கு இந்த வயசுல என்ன அவசரம்னு தேவ கவுடா சபையிலேயே குத்திக் காட்டினாரு.

இதுக்கு நடுவுல ஒண்ணு நடந்துச்சு, யாரும் பேசறதில்ல. பிப்ரவரி 28-ல நிதி மந்திரி சிதம்பரம், அவர் தமாகா, ஒரு பட்ஜெட் போட்டிருந்தாரு. வருமான வரி 15, 30, 40 சதவீதம்னு இருந்ததை 10, 20, 30-ன்னு குறைச்ச பட்ஜெட். ஆட்சி விழும்போது அந்த நிதி மசோதா அந்தரத்துல தொங்குது. காங்கிரஸ் "ஆளை மாத்துங்க, மறுபடி ஆதரவு தர்றோம்"னு சொல்லி, குஜ்ரால் ஏப்ரல் 21 பிரதமர் ஆனாரு. மூப்பனாருக்கு வருத்தம், தமாகா மந்திரிசபையில சேரல. அதனால மே 1 வரைக்கும் நிதித் துறையை குஜ்ராலே வெச்சுக்கிட்டாரு. பட்ஜெட் போட்டவரு பத்து நாள் மந்திரியே இல்ல! அப்புறம் சமாதானமாகி உள்ள வந்தாங்க. நிதிச் சட்டம் மே 14-லதான் கையெழுத்தாச்சு. காங்கிரஸ் மட்டும் இல்ல, உள்ள இருந்த தமாகா 20 பேரும் வெளிய போய் நின்ன சமயம் அது. நம்ம ரெண்டு எம்.பி.யும் அந்த 20-ல அடக்கம்.

அடுத்தது, முன்னணியோட பெரிய தூண் ஜனதா தளமே உதிர ஆரம்பிச்சுது. கர்நாடக முன்னாள் முதலமைச்சர் ராமகிருஷ்ண ஹெக்டேயை 1996 ஜூன்லயே கட்சியை விட்டு நீக்கிட்டாங்க. மாட்டுத்தீவன ஊழல் வழக்கு நெருக்க, பீகார்ல லாலு 1997 ஜூலை 5 தனியா ராஷ்ட்ரிய ஜனதா தளம் ஆரம்பிச்சாரு. டிசம்பர்ல ஒடிசாவுல நவீன் பட்நாயக் பிஜு ஜனதா தளம். இப்படி உடைச்சா பதவி போகாதான்னு கேப்பீங்க. அப்போ கட்சித் தாவல் சட்டத்துல மூணுல ஒரு பங்கு எம்.பி.க்கள் சேந்து பிரிஞ்சா, அது தாவல் இல்ல, பிளவுன்னு ஒரு வழி இருந்துச்சு. அந்த வழியை 2003-ல 91-வது திருத்தத்துலதான் அடைச்சாங்க. 1997-ல கதவு திறந்தே கிடந்துச்சு.

அக்டோபர்ல உத்தரப் பிரதேசத்துல ஜனாதிபதி ஆட்சி போடச் சொல்லி குஜ்ரால் மந்திரிசபை பரிந்துரை பண்ணுச்சு. குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் மறுபடி யோசிங்கன்னு திருப்பி அனுப்பிட்டாரு. பாதிப் பேருக்கு உள்ளூர அதுல நிம்மதி, சமாஜ்வாதி தலைவர் முலாயமுக்குக் கோபம். முன்னணிக்குள்ளயே யார் பேச்சை யார் கேக்கறதுன்னு தெரியாத நிலைமை.

இப்பதான் தம்பி சொன்ன ஜெயின் கமிஷன் வருது. ராஜீவ் காந்தி கொலைக்குப் பின்னால இருந்த சதியை விசாரிக்கப் போட்ட கமிஷன். இடைக்கால அறிக்கை ஆகஸ்ட் கடைசியிலயே அரசாங்கத்துகிட்ட வந்தாச்சு. நவம்பர்ல பத்திரிகையில கசிஞ்சுது. திமுக மேல அதுல குறை சொல்லியிருந்ததால, திமுக மந்திரிகளை நீக்குங்கன்னு காங்கிரஸ் கேட்டுச்சு. குஜ்ரால் முடியாதுன்னாரு. நவம்பர் 28 வாபஸ், டிசம்பர் 4 மக்களவை கலைப்பு.

குஜ்ரால் கொள்கைக்காக நின்னாருன்னு சொல்வாங்க. நின்னாருதான், அந்த மரியாதையை நான் குறைக்கல. ஆனா கணக்கையும் பாருங்க. திமுக 17 போனா, அதோட கைகோத்து ஜெயிச்ச தமாகா 20-ம் இருக்கறது சந்தேகம். உள்ள இருக்கற 128-ல 37 போயிடும். மிச்சத்தை வெச்சு நடத்தினா அது முழுசா காங்கிரஸ் ஆட்சிதான், பேர் மட்டும் முன்னணி. நீக்கினாலும் சாவு, நீக்கலைன்னாலும் சாவு. அதனால தம்பி, அறிக்கை வராம இருந்திருந்தா ஓடியிருக்குமான்னா, ஓடியிருக்காது. வேற ஒரு காகிதம் வந்திருக்கும்.

என்னைக் கேட்டா, நீங்க இதைத் திருப்பிக் கேட்டிருக்கணும்: 2004-ல வந்த மன்மோகன் சிங் ஆட்சிக்கும் வெளிய இருந்துதானே ஆதரவு, அது மட்டும் எப்படி அஞ்சு வருஷம் ஓடுச்சு? அங்க இடதுசாரிங்க 59 பேரு வெளிய. சிபிஎம் 43, சிபிஐ 10, மத்த ரெண்டு கட்சியும் மூணு மூணு. ஆனா பெரிய கட்சி, காங்கிரஸ் 145, உள்ள இருந்துச்சு. அந்த 145-ஐச் சுத்தி திமுக 16, பாமக 6-ன்னு நின்னுச்சு. தருமபுரி எம்.பி. பாமக, கிருஷ்ணகிரி திமுக, ரெண்டு பேரும் உள்ள. 2008 ஜூலையில அணுசக்தி ஒப்பந்தத்துக்காக இடதுசாரிங்க போனப்போ, போனது 59 பேரு. 140 போனா மாத்து ஆள் கிடைக்காது. 59-க்கு சமாஜ்வாதி வந்து நின்னுச்சு. ஜூலை 22 ஓட்டெடுப்புல 275-க்கு 256. மொத்தம் விழுந்த ஓட்டு 531, அதுல பாதிக்கு மேலன்னா 266 போதும். மேல சொன்ன விதி இங்கதான் வேலை செய்யுது. பணக்கட்டைக் கொண்டுவந்து சபையில காட்டின அசிங்கமும் அன்னைக்குத்தான் நடந்துச்சு, அதை மறைக்க வேண்டாம்.

முன்னணிக்கு என்ன ஆச்சுன்னு முடிச்சுடறேன். 1998 தேர்தல்ல ஜனதா தளம் 46-லேருந்து 6. தமிழ்நாட்டுல 39-ல இந்த அணிக்கு 9. தருமபுரி பாமகவுக்கும், கிருஷ்ணகிரி அதிமுகவுக்கும் போச்சு. அமைப்பாளரா இருந்த சந்திரபாபு நாயுடுவே பாஜக ஆட்சிக்கு ஆதரவு கொடுத்தாரு, அவர் கட்சியோட பாலயோகி சபாநாயகர். 1999-ல மிச்சம் இருந்த ஜனதா தளம் சரத் யாதவ் பக்கம் ஒண்ணு, தேவ கவுடா பக்கம் ஒண்ணுன்னு ரெண்டாச்சு. திமுக பாஜக கூட்டணிக்குப் போச்சு. மூப்பனார் 2001-ல காலமானாரு, அடுத்த வருஷம் தமாகா காங்கிரஸ்ல கரைஞ்சுது.

அடுத்து காவேரிப்பட்டினத்துலேருந்து ஒரு அம்மா, 1999 ஏப்ரல்ல வாஜ்பாய் ஒரே ஓட்டுல தோத்தாரே, அந்த ஒரு ஓட்டு யாருதுன்னு கேட்டிருக்காங்க. 269-க்கு 270. அதுக்கு ஒடிசா வரைக்கும் போகணும், அடுத்த வீடியோவுல வெச்சுக்குவோம்.