சோலார் ட்ராக்கரின் கண்ணைச் சரிபார்க்க ஒரு தடியும் ஒரு ஐஸ்கிறீம் டப்பாவும்

[காட்சி: உரும்பிராயில் ஒரு தோட்டக் கிணற்றடி. காலை ஒன்பது மணி. இரும்புக் காலில் இரண்டு சோலார் பனல்கள்.]

வெயில் கிழக்கே அடிக்கிறது. பனல்கள் ஏறக்குறைய மல்லாந்து கிடக்கின்றன. சூரியனோடு சேர்ந்து திரும்பும் என்று சொல்லித்தான் மாமாவின் தோட்டத்தில் இதைப் பூட்டினேன். முதலில் மோட்டரைச் சந்தேகித்தேன். பல்லுச்சில்லைக் கழற்றித் திரும்பப் பூட்டினேன், பலனில்லை. வெங்காயப் பாத்திக்குத் தண்ணி மாறிக்கொண்டு நின்ற மாமா மண்வெட்டியை ஊன்றியபடி சொன்னார்: "தம்பி, உன்ர பெட்டி வெய்யிலைப் பாக்கேல்லை, மதிலைத்தான் பாக்குது."

[காட்சி: மேற்கே வெள்ளையடித்த மதில், காலை வெயிலில் பளீரென்று.]

அவர் சொன்னதுதான் சரி. ஏன் என்று பார்ப்போம்.

[காட்சி: சென்சர், மிக அருகில்.]

வெளிச்சத்துக்கேற்ப மின்தடை மாறும் எல்.டி.ஆர். என்ற சின்னச் சாமான் நான்கு, நடுவில் கூட்டல் குறி போல ஒரு தடுப்பு. சூரியன் நேரே இருந்தால் நான்கிலும் ஒரே வெளிச்சம். விலகினால் தடுப்பின் நிழல் ஒரு பக்கத்தில் விழும். இரு பக்கமும் சமனாகும்வரை மோட்டர் திருப்பும். எங்கிருந்து வந்த வெளிச்சம் என்று அது கேட்பதில்லை. மதிலில் பட்டுத் தெறித்ததும் அதற்கு வெயில்தான். போதாததற்கு, ஒரே பைக்கற்றில் வாங்கிய எல்.டி.ஆர்.கள்கூட ஒன்றுபோல இருக்காது.

[காட்சி: வெள்ளை ஐஸ்கிறீம் டப்பா சென்சரின் மேல் கவிழ்கிறது.]

டப்பாவுக்குள் வெளிச்சம் பரவலாக விழும். இப்போது நான்கும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். காட்டாது. உதாரணமாக ஒன்று 600, அடுத்தது 660 என்றால், இரண்டாவதை 0.91 ஆல் பெருக்கச் சொல்லிப் புரோகிராமில் எழுதுங்கள். எல்.டி.ஆர். நேர்கோட்டில் நடக்கிற சாமான் அல்ல, அதனால் காலையிலும் மத்தியானத்திலும் ஒருமுறை பாருங்கள். மத்தியானம் நான்கும் உச்ச எண்ணில் போய் ஒட்டிக்கொண்டால், எல்.டி.ஆரோடு சேர்த்துப் போட்ட 10 கிலோஓம் மின்தடை பெரிது. 1 கிலோஓம் அல்லது அதற்கும் குறைவாகப் போடுங்கள். அப்புறம், கிழக்கு மேற்கு வித்தியாசத்தை அப்படியே எடுக்காமல் இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து எடுங்கள். வெயில் ஏறி இறங்கினாலும் கணக்கு அவ்வளவாக ஆடாது.

[காட்சி: பனல் சட்டத்தில் 30 சென்ரிமீற்றர் தடி. மூலைமட்டம் வைத்துச் செங்குத்தா என்று பார்க்கும் கை.]

இனித்தான் முக்கியமான வேலை. தடி பனலுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும்; இதில் அவசரப்பட்டால் மற்றதெல்லாம் வீண். மோட்டரை நிறுத்தி, தடியின் நிழல் மறையும்வரை பனலைக் கையால் திருப்புங்கள். ஒரு பாகை பிசகினால் நிழல் சுமார் 5 மில்லிமீற்றர் நீளும், கண்ணுக்கே தெரியும். நிழல் இல்லாத அந்த நேரத்தில் சென்சர் காட்டும் வித்தியாசம்தான் அதன் உண்மையான பூச்சியம். அதைக் குறித்து, கழித்துவிடுங்கள்.

ஒன்பது மணிக்கு, பன்னிரண்டுக்கு, மூன்றுக்கு என்று மூன்று தரம் செய்யுங்கள். மூன்றிலும் ஒரே பிழை என்றால் சென்சர் சரிந்து பூட்டப்பட்டிருக்கிறது. நேரத்துக்கு நேரம் மாறினால் வெளியிலிருந்து வெளிச்சம் தெறிக்கிறதா என்று முதலில் பாருங்கள். நான் சென்சரைச் சுற்றிக் கறுப்புக் குழாய்த் துண்டொன்றை மாட்டினேன். மதிலின் தொல்லை ஒழிந்தது.

[காட்சி: கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும் கமரா. அடியில் தண்ணீர் மினுங்குகிறது.]

வடக்கு தெற்கு அச்சுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு வசதி உண்டு. நாம் இருப்பது வடக்கு அகலாங்கு 9.7 பாகையில். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, ஏப்ரல் 15 அளவில், மதியம் 12.10க்குச் சூரியன் உச்சந்தலைக்கு மேல். கிணற்றுத் தண்ணீரில் சூரியன் தெரியும், தூக்குக்குண்டு நூலுக்கு நிழலே இராது. பனலை ரசமட்டம் வைத்துச் சமமாக்கினால் அதுதான் பூச்சியம். ஓகஸ்ட் கடைசியில் இன்னொரு சந்தர்ப்பம். இடைப்பட்ட மாதங்களில் மத்தியானச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், யூனில் 14 பாகை வரை. மத்தியானச் சூரியன் எப்போதும் தெற்கே நிற்கும் ஐரோப்பாவுக்கு எழுதிய புரோகிராமை அப்படியே ஏற்றினால் பனல் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டாது.

இவ்வளவு துல்லியம் தேவையா? சாதாரணப் பனலுக்கு இல்லை. 10 பாகை பிசகினாலும் நேர் வெயிலில் 1.5 சதவீதம்தான் போகும். 30 பாகை என்றால் 13 சதவீதம். ஒவ்வொரு அரைப் பாகைக்கும் மோட்டரை உருட்டித் தேய்க்காதீர்கள். 2 பாகை விலகிய பிறகு திரும்பினால் போதும். மாரியில் முகில் மூடினால் சென்சரை விட்டுவிட்டு, நேரத்தைக் கணக்கிட்டுத் திருப்பச் சொல்லுங்கள்.

[காட்சி: ஈரத்துணியால் சென்சர் மூடியைத் துடைக்கும் கை.]

உப்புக்காற்றும் காக்கை எச்சமும் ஒரு கண்ணை மறைத்தால் எல்லாக் கணக்கும் குலையும். அதனால் தடியை நான் கழற்றவில்லை. போன கிழமை மாமா ஃபோன் எடுத்தார்: "தம்பி, தடிக்கு நிழல் விழுது, வந்து துடைச்சுவிடு."