ஒரு கிரெய்ன் இலைத்தூள்

அவையோர்க்கு வணக்கம்.

ஃபாக்ஸ்குளோவ் என்ற பூச்செடிக்கு மருந்தளவு கண்டவர் ஆங்கில மருத்துவர் வில்லியம் விதரிங். எடின்பரோவில் மருத்துவம் படித்த காலத்தில் அவருக்குச் சற்றும் பிடிக்காத பாடம் தாவரவியல். 1766இல் பட்டம் பெற்று ஸ்டாஃபோர்டில் மருத்துவம் பார்த்தார். அங்கே நோயாளியாக வந்த ஹெலனா குக்ஸ் பூக்களை வரைபவர். ஹெலனா வரையச் செடி தேடிப் போன விதரிங், செடிகளிடமே மாட்டிக்கொண்டார். 1772இல் இருவருக்கும் திருமணம். 1776இல் பிரிட்டனின் தாவரங்களைப் பற்றி இரண்டு தொகுதிகளில் நூலே எழுதிவிட்டார்.

1775இல் ஒரு குடும்ப மருந்தைப் பற்றி அவரிடம் கருத்துக் கேட்டார்கள். இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் வட்டாரத்தில் ஒரு மூதாட்டி ரகசியமாகக் கொடுத்துவந்தது அது. உடம்பில் நீர் கோத்து, வைத்தியர்கள் கைவிட்டவர்களும் அதனால் பிழைத்தார்கள். கூடவே கடும் வாந்தி, பேதி. மருந்தில் இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள். வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ் ஒன்றுதான் என்று விதரிங்குக்கு உடனே பிடிபட்டது. (அந்த மூதாட்டிக்கு இன்று ஒரு பெயர் உலவுகிறது. அது பிற்காலக் கற்பனை.)

ஊர் மக்கள் ஏற்கெனவே அறிந்த செடிதான். அதற்கு அளவு கண்டதில்தான் விதரிங்கின் பெருமை. வேரின் வீரியம் பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால் அதை ஒதுக்கி இலையை எடுத்தார். இலையும் மாறும், ஆகவே பூத்திருக்கும்போது மட்டுமே பறிக்கச் சொன்னார். இதில் இன்னொரு நன்மையும் உண்டு: பூவைப் பார்த்துப் பறித்தால் செடி மாறிப்போகாது. பூக்காத முதலாண்டுச் செடியின் இலையைக் காம்ஃப்ரே என்ற வேறொரு மூலிகை என்று நினைத்துத் தின்று நஞ்சேறியவர்கள் இருக்கிறார்கள்.

பறித்த இலையில் காம்பையும் நடுநரம்பையும் கிள்ளி எறிய வேண்டும். மிச்சத்தை வெயிலிலோ, தகரத் தட்டில் பரப்பி நெருப்பின் முன்னோ உலர்த்த வேண்டும். கருகவிடக் கூடாது, பொடியாகும் பதம் வந்ததும் எடுத்துவிட வேண்டும். கசக்கினால் அழகான பச்சைத் தூள் கிடைக்கும். எடை, பச்சை இலையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு.

முதலில் கஷாயம்தான் கொடுத்தார். அது காய்ச்சுகிறவர் கைக்கு ஏற்ப மாறியது. நெடுநேரக் கொதியில் வீரியம் கெடும் என்ற ஐயமும் இருந்தது. புகையிலையை ஒப்பிட்டு, இரண்டும் ஒரே குலம் என்று எண்ணி வந்த ஐயம் அது. இன்றைய வகைப்பாட்டில் இரண்டும் வேறுவேறு குடும்பங்கள். எப்படியோ, கஷாயத்தைக் கைவிட்டு ஊறல் நீருக்கு மாறினார்: ஒரு டிராம் (சுமார் நான்கு கிராம்) உலர் இலைக்கு அரை பைன்ட் (சுமார் கால் லிட்டர்) கொதிநீர், நான்கு மணி நேர ஊறல். பின்னர் தூளையும் கொடுக்கத் தொடங்கினார். பெரியவர்களுக்கு ஒன்று முதல் மூன்று கிரெய்ன், நாளுக்கு இருவேளை. ஒரு கிரெய்ன் என்பது சுமார் 65 மில்லிகிராம். இது வரலாறு, வீட்டில் யாரும் செய்து பார்க்கக் கூடாது.

ஆபத்து எங்கே? இந்த மருந்து உடம்பைவிட்டு மெதுவாகவே வெளியேறும். இன்று குணம் தெரியவில்லையே என்று நாளைக்குக் கூட்டிக் கொடுத்தால், முன்பு கொடுத்ததும் சேர்ந்து தாக்கும். வாந்தி வரும்; பார்ப்பதெல்லாம் மஞ்சளாகவும் பச்சையாகவும் தெரியும்; நாடி நிமிடத்துக்கு 35 வரை இறங்கும்; மரணமும் நேரும். அதனால்தான் சிறுநீர், வயிறு, நாடி, குடல் இவற்றில் ஒன்றில் விளைவு தெரிந்தாலும் அக்கணமே நிறுத்து என்றார்.

இந்தச் செடியைப் பற்றி 1785இல் வந்த அவருடைய நூல், இதயத்தின் இயக்கத்தின்மேல் வேறெந்த மருந்துக்கும் காணாத பிடி இதற்கு உண்டு என்கிறது. ஆனாலும் சிறுநீர் பெருக்கும் மருந்தாகவே அதைக் கையாண்டார். உண்மையில் இதயம் வலுவாக இயங்கி, சிறுநீரகத்துக்கு ரத்தம் போனதால்தான் கோத்த நீர் இறங்கியது. சூலகக் கட்டியால் வயிறு வீங்கியவர்களிடம் மருந்து பலிக்காததும் அதனால்தான். அந்தத் தோல்விகளையும் தம் 163 நோயாளிகளின் பதிவில் அவர் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார்.