கரும்புள்ளியை அளக்கும் வகுப்பறை

நேயர்களுக்கு வணக்கம்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதல் க்யூஆர் குறியீடு அச்சாகி வருகிறது. 2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. அரசுப் பள்ளிகள் பலவற்றில் கணினி ஆய்வகமும் இருக்கிறது. இத்தனையும் வந்த பிறகு அறிவியல் வகுப்பில் இணையத்தைக் கொண்டு என்ன செய்கிறோம்? பெரும்பாலும் ஒரு காணொளியை ஓடவிடுகிறோம். ஆசிரியர் சொல்ல வேண்டியதைத் திரையில் இன்னொருவர் சொல்கிறார். பிள்ளைகள் எப்போதும்போல் கைகட்டிக் கேட்கிறார்கள். இதில் எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு.

விஞ்ஞானிகள் எடுக்கும் படங்களும் அளவுகளும் இன்று இணையத்தில் எல்லோருக்கும் திறந்து கிடக்கின்றன. எங்கோ நிலம் நடுங்கினால் சில நிமிடங்களில் அமெரிக்க நிலவியல் துறையின் பக்கத்தில் அதன் ஆழமும் அளவும் வந்துவிடுகின்றன. இவற்றைப் பிள்ளைகள் கையில் கொடுத்து அவர்களையே அளக்கச் சொல்ல வேண்டும் என்பதுதான் நான் இன்று வற்புறுத்த வந்த செய்தி.

சூரியனை எடுத்துக்கொள்வோம். அதை வெறும் கண்ணால் பார்க்கவே கூடாது, பார்வை போய்விடும். ஆனால் நாசா 2010இல் ஏவிய எஸ்டிஓ விண்கலம் அன்றாடம் எடுக்கும் சூரியப் படங்களை யாரும் பதிவிறக்கலாம். தொடர்ந்து பத்து நாள் படங்களை ஆசிரியர் வீட்டிலேயே இறக்கி, கறுப்பு வெள்ளையில் அச்செடுத்துக் கொண்டுவந்தால் போதும். வகுப்பில் இணைப்பே தேவையில்லை. சூரிய வட்டம் 14 சென்டிமீட்டர் விட்டத்தில் வரும்படி அச்சிடுங்கள். சூரியனின் நடுக்கோட்டுக்கு, அதாவது பூமிக்கு நிலநடுக்கோடு போல அதன் இடுப்பைச் சுற்றிய கோட்டுக்கு, அருகில் உள்ள ஒரு கரும்புள்ளியை, அதாவது சூரிய வட்டத்தில் கறுப்பாகத் தெரியும் ஒரு பொட்டைத் தேர்ந்தெடுத்து, அது நாளுக்கு நாள் இடமிருந்து வலமாக எவ்வளவு நகர்கிறது என்று அளவுகோலால் பார்க்கச் சொல்லுங்கள்.

இங்கேதான் வேடிக்கை. மையத்திலிருந்து மூன்றரை சென்டிமீட்டர் நகரப் புள்ளிக்கு ஏறக்குறைய 54 மணி நேரம் ஆகும். அங்கிருந்து விளிம்பு வரை மீதி இருப்பதும் அதே மூன்றரை சென்டிமீட்டர்தான். அதற்கு 108 மணி நேரம், சரியாக இரண்டு மடங்கு! புள்ளி ஏன் தயங்குகிறது என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும், உடனே விடை சொல்லிவிடாதீர்கள். ஒரு பந்தில் மையால் பொட்டு வைத்துச் சுழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சூரியன் தட்டையான தட்டு இல்லை, உருண்டை. விளிம்பில் புள்ளி நம்மை விட்டு விலகிப் பின்பக்கமாகத் திரும்புகிறது. கரும்புள்ளிகள் சூரியனைச் சுற்றும் சிறு கோள்கள் என்று சிலர் வாதிட்ட காலத்தில், கலிலியோ 1613இல் இதே தயக்கத்தைக் காட்டித்தான் அவை சூரியனின் மேற்பரப்பில் இருக்கின்றன என்று நிறுவினார்.

அடுத்து முக்கோணவியல். மூன்றரையை ஆரமான ஏழால் வகுத்தால் அரை. சைன் மதிப்பு அரை என்றால் கோணம் 30 பாகை. 30 பாகைக்கு 54 மணி நேரம் என்றால் முழுச் சுற்றுக்கு 648 மணி நேரம், அதாவது 27 நாள். கணக்கு வகுப்பில் மனப்பாடம் செய்த சைன் அட்டவணை சூரியனின் சுழற்சியைச் சொல்லிவிடுகிறது.

திரையிலேயே சோதனை செய்து பார்க்க உதவும் ஃபெட் (PhET) போன்ற கணினி மாதிரிகளை நான் குறைத்துப் பேசவில்லை. மின்சுற்றை விளக்க அவை அருமையானவை, தமிழிலும் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் விடை முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. சூரியனை அளக்கும்போது ஒரு குழுவுக்கு 26 நாள் வரும், இன்னொரு குழுவுக்கு 28 வரும். பென்சில் முனை தடிமனா, புள்ளியே உருமாறிவிட்டதா, நடுக்கோட்டிலிருந்து விலகிய புள்ளியை எடுத்தார்களா? சூரியனின் துருவப் பகுதிகள் நடுப்பகுதியைவிட மெதுவாகச் சுழல்கின்றன என்பதால் கடைசிக் கேள்விக்குத் தனி மதிப்பு உண்டு. இந்த வாக்குவாதம் நடக்கும் வகுப்பறைதான் அறிவியல் வகுப்பறை.

புள்ளிகள் பெருகுவதும் குறைவதும் ஏறத்தாழ 11 ஆண்டுச் சுழற்சி. புள்ளி அரிதான ஆண்டு என்றால் பழைய படங்களுக்குப் போகலாம், அதற்கு நம் கொடைக்கானல் இருக்கிறது. தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, பருவமழைக்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்ற தேடலில் விளைந்த ஆய்வகம் அது; 1899இல் நிறுவப்பட்டது. 1904 தொடங்கி அங்கே எடுத்த சூரியப் படங்களை இந்திய வான் இயற்பியல் நிறுவனம் எண்மமாக்கிப் பொதுவில் வைத்திருக்கிறது. மதுரையிலோ தேனியிலோ படிக்கும் ஒரு மாணவி, தன் பாட்டனின் பாட்டன் காலத்துச் சூரியனைத் தன் அளவுகோலால் அளக்கலாம்.

பாடத்தை முடிக்கவே நாள் போதவில்லை என்று ஆசிரியர்கள் சொல்வது நியாயமான குறை. இதற்கு இரண்டு பாடவேளை போதும். ஒன்றை அறிவியல் ஆசிரியரும் ஒன்றைக் கணக்கு ஆசிரியரும் கொடுக்கலாம். இன்னொரு செய்தி: சூரியனின் நடுப்பகுதி தன்னைச் சுற்ற ஏறக்குறைய 25 நாள் என்று நூல்களில் இருக்கும், பிள்ளைகளுக்கு வருவதோ 27. அவர்கள் அளவு தப்பில்லை. அந்த இரண்டு நாள் எங்கிருந்து வந்தது என்பதை, பூமியும் சூரியனைச் சுற்றிக்கொண்டிருப்பதை மட்டும் நினைவூட்டிவிட்டு, அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.