விளக்குச் சுடரில் உருவான சொறிமீன்கள்

நேயர்களுக்கு வணக்கம். பறவையையும் விலங்கையும் தோலுரித்துப் பாடம் செய்து காட்சிக்கு நிறுத்திவிடலாம். ஜெல்லி மீன் எனப்படும் சொறிமீனுக்கோ உரிப்பதற்குத் தோலும் இல்லை, தாங்குவதற்கு எலும்பும் இல்லை. அதைச் சாராயத்தில் இட்டுவைத்தால் நிறம் வெளுத்து, உடல் சுருங்கி, எந்த உயிரினம் என்றே விளங்காத கட்டியாகிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் அருங்காட்சியகங்களை வாட்டிய இந்தச் சிக்கலுக்குக் கண்ணாடியில் விடை கண்டவர்கள், பொஹீமியாவில் பிறந்து ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பட்டறை நடத்திய லியோபோல்ட் பிளாஷ்காவும் அவருடைய மகன் ருடால்ஃபும் ஆவர்.

1853ஆம் ஆண்டு அமெரிக்காவுக்குக் கடற்பயணம் சென்ற லியோபோல்ட், காற்றின்றிக் கப்பல் நின்றுபோன நாட்களில், நீரில் மிதந்த சொறிமீன்களை உற்றுநோக்கி வரைந்துகொண்டார். பத்து ஆண்டுகள் கழித்து டிரெஸ்டன் அருங்காட்சியகத்திற்காக, மலர் போலத் தோன்றும் கடல் உயிரினங்களான கடல் சாமந்திகளைச் செய்தபோது நூல்களிலிருந்த படங்களையே பெரிதும் நம்பியிருந்தார். பின்னாளில் தந்தையும் மகனும் உயிருள்ள மாதிரிகளை வீட்டுத் தொட்டியில் வளர்த்துப் பார்த்துச் செய்தனர்.

கண்ணாடிக் குழல்களையும் கம்பிகளையும் விளக்குச் சுடரில் காட்டி, காலால் இயக்கும் துருத்தியால் சுடரைக் கூர்மையாக்கி, இளகிய கண்ணாடியை ஊதியும் இழுத்தும் கிள்ளியும் உறுப்புகளை உருவாக்குவதே அவர்களின் முறை. ஆனால் இவை முழுக்கக் கண்ணாடியால் ஆனவை என்று எண்ணிவிடக் கூடாது. மெல்லிய உணர்கொம்புகளைச் செப்புக் கம்பி தாங்குகிறது. உறுப்புகளை வச்சிரப் பசை இணைக்கிறது. ஒளி ஊடுருவும் உடலுக்கு வண்ணப்பூச்சு நிறமளிக்கிறது. கண்ணாடியை எங்கே விட்டுவிட வேண்டும் என்று அறிந்திருந்ததே அவர்களின் உண்மையான திறமை என்பது என் கருத்து.

இந்தக் கலப்பே இன்று பராமரிப்பவர்களுக்குத் தலைவலியாகவும் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் ஏறி இறங்கும்போது பசை விரிந்து சுருங்குவதால் உறுப்புகள் உதிர்கின்றன. பசையும் பூச்சும் நீரில் கரையக்கூடியவை என்பதால், படிந்த தூசியைக் கழுவியும் எடுக்க முடியாது. கார்னெல் பல்கலைக்கழகத்திலும் டப்ளினிலும் உள்ள பெரிய தொகுப்புகள் உட்பட எல்லாவற்றுக்கும் இதே நிலைதான்.

1890இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துடன் கண்ணாடி மலர்களுக்காக மட்டுமே உழைப்பதாக ஒப்பந்தம் செய்துகொண்டதோடு, கடல் உயிரினங்களைச் செய்யும் பணி அவர்களிடம் முடிவுக்கு வந்தது. 1895இல் தந்தை மறைந்தார். மகன் 1936 வரை தனியே உழைத்தார். சீடர் எவரையும் அவர் உருவாக்கவில்லை. அவர்கள் வரைந்த ஓவியங்களில் பல, அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியக நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. உதிர்ந்த உணர்கொம்பு எந்த உடலில் எப்படி வளைந்து நின்றிருக்க வேண்டும் என்று ஆராய்வோர் அவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நன்றி.