சிகரெட்டை விட்டா என்ன ஆயிருமோன்னு பயமா? மாத்தூர் தொட்டிப்பாலத்துல வெச்சுப் பேசுவோம்

(காட்சி: தொட்டிப்பாலத்தின் நடுவே தொகுப்பாளர். கீழே பறளியாறு.)

வணக்கம் மக்களே! இது நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து மாத்தூர் தொட்டிப்பாலம். கீழ பாருங்க. நூறு அடிக்கு மேல உயரம். ஒரு மலையில இருந்து இன்னொரு மலைக்குத் தண்ணி கொண்டு போக 1960-கள்ல கட்டினது. வரலாறு இவ்வளவு போதும், இன்னைக்கு நமக்கு வேண்டியது இந்தக் கைப்பிடிச் சுவர்தான்.

முதல் தடவை வர்றவங்க நடுவுல வந்ததும் இந்தச் சுவரைப் பிடிச்சுட்டு நின்னுருவாங்க. உள்ளங்கால் கூசும், கை வேர்க்கும். சில பேரு அப்படியே வந்த வழி திரும்பி ஓடிருவாங்க. தரையில கால் பட்டதும் நிம்மதி. ஆனா அடுத்த தடவை வரும்போது பயம் ரெண்டு மடங்கா இருக்கும். ஏன்னா ஓடினதாலதான் தப்பிச்சோம்னு மனசு கணக்குப் போட்டு வெச்சிருக்கு. ஓடாம அதே இடத்துல ஒரு அஞ்சு நிமிஷம் நின்னு பாருங்க. கூச்சம் தானா அடங்கும். நான் இங்க பல பேருகிட்ட பாத்திருக்கேன்.

சிகரெட்டை விட்ட ரெண்டாம் நாள் நீங்க இந்தப் பாலத்து நடுவுலதான் நிக்கிறீங்க. ஒண்ணு பத்த வெக்கிறதுங்கிறது திரும்பி ஓடுறது.

ஒரே ஒரு வித்தியாசம், எனக்கு இந்த விஷயத்துல ரொம்பப் பிடிச்சது அதுதான். பாலத்துல உயரம் நிஜம். சிகரெட்ல அந்தப் பதட்டத்தை உண்டாக்கினதே சிகரெட்! புகையிலையில இருக்கிற, நம்மள அடிமையாக்குற பொருள்தான் நிகோடின். இழுத்த 10, 20 நொடியில அது மூளைக்குப் போயிரும். சுமார் 2 மணி நேரத்துல ரத்தத்துல பாதியா குறைஞ்சிரும். குறைய குறைய எரிச்சல், படபடப்பு. அடுத்ததைப் பத்த வெச்சா அடங்கும். உடனே நாம "ஆகா, சிகரெட்தான் டென்ஷனைக் குறைக்குது"ன்னு நம்பிருவோம். வீட்டுக்குத் தீ வெச்சவனே வாளியோட ஓடி வந்தா அவனுக்கு நன்றி சொல்லுவோமா? 2014-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பாத்த ஒரு கட்டுரை வந்துச்சு. விட்டவங்களுக்குப் பதட்டமும் மனச்சோர்வும் குறைஞ்சுதான் இருந்துச்சு.

"விட்டா உடம்புக்கு ஏதாவது ஆயிருமோ?" குடியை திடீர்னு நிறுத்தினா சிலருக்கு வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்தாகும். அதுக்கு டாக்டர் கண்டிப்பா வேணும். சிகரெட்டை நிறுத்தினா தூக்கம் கெடும், கோபம் வரும், மலச்சிக்கல் வரும். உயிர் போகாது.

(காட்சி: விடியுமுன் ரப்பர் தோட்டம், நெற்றி விளக்கு வெளிச்சம்.)

இது குலசேகரம் பக்கம். என் சித்தப்பா இங்க பால்வெட்டுறவரு. விடியுமுன்னே வேலை, ரெண்டு வரிசைக்கு ஒரு பீடி. "பீடி இல்லாம கை நிக்காது மக்கா"ன்னு சொல்லியே வருஷக்கணக்கா தள்ளிப் போட்டாரு. விட்ட மூணாம் நாள் நிஜமாவே கை நடுங்கி, பட்டையில போக வேண்டிய கத்தி தடி வரைக்கும் இறங்கிருச்சு. முதலாளிகிட்ட ஏச்சு. நிகோடின் இல்லாத உடம்பு ரொம்பப் பாடுபடுத்துறது முதல் ரெண்டு மூணு நாள்தான்னு அன்னைக்கு அவருக்குச் சொல்ல ஆளில்லை, எனக்கு அது இன்னும் வருத்தம். ஆனாலும் அவரு திரும்பப் பத்த வெக்கல. கை பீடிக்கட்டைத் தேடும்போதெல்லாம் ஒரு கிராம்பை எடுத்துக் கடைவாயில ஒதுக்கிக்கிட்டாரு. நம்ம மலையில விளையுற, 2021-ல புவிசார் குறியீடு வாங்கின அதே கிராம்பு. அந்த உறைப்பு அடங்குறதுக்குள்ள ஆசை போயிரும்னு சொல்லுவாரு. ஆசை ஒரு தடவை வந்தா சில நிமிஷம்தான் உச்சத்துல நிக்கும், அதனால அவரு சொல்றது சரியாத்தான் இருக்கு.

சிகரெட்டை விடுறதுக்காக நிகோடின் சூயிங்கம் வாங்குறவங்க ஒண்ணு கவனிங்க. அதை பபுள்கம் மாதிரி மெல்லக் கூடாது. கொஞ்சம் மென்னு காரம் ஏறினதும் கன்னத்துல ஒதுக்கிரணும். காப்பியோ சோடாவோ குடிச்ச கையோட போட்டா அது சரியா ஏறாது, 15 நிமிஷம் பொறுங்க.

பேச ஆள் வேணும்னா 1800-11-2356. அரசாங்கத்தோட இலவச எண், சிகரெட் அட்டையிலேயே அச்சடிச்சிருக்கும்.

(காட்சி: மறுபடியும் பாலம்.)

உங்களுக்கு எந்த நேரத்துல கை பாக்கெட்டுக்குப் போகுது? சாயாக் கடையிலயா, சாப்பிட்ட உடனேயா? கமெண்ட்ல எழுதுங்க, ஒவ்வொண்ணுக்கும் நான் பதில் போடுறேன். வாங்க, மிச்சப் பாலத்தையும் நடந்து அந்தக் கரைக்குப் போவோம்.